செவ்வாய்க்கு மேட்சிங் பார்த்தவளுக்கு

இன்று காலை ஃப்ளெக்ஸ் கடையிலிருந்து சுருள் வந்தது. பிரித்ததும் வீடு முழுக்க அந்த மை வாசனை. புது மழைக்கோட்டை மண்ணெண்ணெயில் நனைத்தது போல ஒரு நெடி. உனக்கு அது பிடிக்காது. கடைக்குள் பெயின்ட் வாசனை வந்தாலே முந்தானையை மூக்கில் வைத்துக்கொள்வாய். நான் நாற்காலிகளை நகர்த்தி, சுருளைத் தரையில் விரித்து, மூலைக்கு ஒன்றாகப் பழைய இயற்பியல் புத்தகங்களைப் பாரம் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். செவ்வாய் கிரகம் குங்குமம் கொட்டியது போலக் கிடந்தது.

நாம் செய்த படம் இதுவல்ல.

கடைக்காரத் தம்பிக்குப் போன் செய்தேன்.

“தம்பி, கலர் மாறிப்போச்சுங்களே?”

“மாறலீங்கம்மா, நாந்தான் கொஞ்சம் தூக்கி உட்டேனுங்க. நீங்க குடுத்தது ஒரே மங்கலா இருந்துச்சு. தூசி அடிச்ச மாதிரி.”

“அங்க இருக்கறதே தூசிதானுங்க தம்பி.”

“அதானுங்கம்மா, தொடைச்சு உட்டுட்டேன்.”

சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. அவரைக் குறை சொல்லவும் முடியாது. கல்யாண பேனரோ காதுகுத்து பேனரோ, முகத்தை வெளுப்பாக்கி வானத்தை நீலமாக்கித் தருவதை அவர் ஒரு மரியாதையாகவே செய்கிறார். யாரும் கேட்காமல் செய்கிற உபசாரம். அதைச் செவ்வாய்க்கும் செய்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை இந்தப் படம் நான் வேலை பார்த்த பெண்கள் பள்ளியின் அறிவியல் அறைச் சுவரில் ஏற வேண்டும். தலைமையாசிரியைக்குத் தம்பி முன்கூட்டியே வாட்ஸப்பில் அனுப்பிவிட்டார். அவரும் ‘சூப்பருங்க, இப்பத்தான் செவ்வாய் மாதிரி இருக்குது’ என்று பதில் போட்டிருக்கிறார். ஆக, நம் படத்துக்காகச் சண்டை போட நான் ஒருத்திதான் மிச்சம். நீ இருந்திருந்தால் இந்நேரம் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பாய். நானும் கிளம்பத்தான் போகிறேன். அதற்கு முன், இந்த நிறத்துக்கு நாம் எப்படி வந்து சேர்ந்தோம் என்பதை ஒருமுறை உன்னிடம் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். வகுப்புக்குப் போகுமுன் பாடத்தை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது என் பழக்கம் என்று உனக்குத் தெரியும்.

கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இயற்பியல் படித்தோம். ஆய்வுக்கூடத்தில் பட்டகத்தைத் திருப்பி நிறமாலையைப் பிடிப்பதில் எப்போதும் நீதான் முதல். படிப்பு முடிந்ததும் நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். நீ ஒப்பணக்காரத் தெருவிலிருந்து பிரிகிற சந்தில், நீ ‘அத்தா’ என்று கூப்பிடும் உன் அப்பாவின் மேட்சிங் கடையில் போய் உட்கார்ந்தாய். அத்தாவுக்கு உடம்பு தேறும்வரைதான் என்று போனவள், அந்தக் கடையையே உன்னுடையதாக்கிக்கொண்டாய்.

சேலையோடு வருகிறவர்களுக்குப் பொருத்தமான ரவிக்கைத் துணி எடுத்துக் கொடுக்கிற கடை. தரையிலிருந்து கூரை வரை நிறங்கள். ஒரு பச்சைக்குள்ளேயே எத்தனையோ பச்சை. ஆனால் மேலே எரிந்த குழல்விளக்கை மட்டும் நீ ஒருநாளும் நம்பியதில்லை. துணியை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, “ஏனுங்க, இங்க நின்னு பாத்தா எல்லாமே மேட்சிங்தான். வெளிய வாங்க” என்று படி இறங்கிவிடுவாய். மாமியாரும் மருமகளும் சேலையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வருவார்கள். ஸ்கூட்டர்களுக்கு நடுவில், தெரு வெயிலில், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடிப்பாய். உள்ளே ஒன்றாக இருந்த இரண்டு அரக்கும் வெளியே வந்ததும் சண்டை போட்ட அக்கா தங்கை போல விலகி நிற்கும்.

அதற்கும் முன்னால் நீ கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: “எங்க கட்டப் போறீங்க?” பகல் முகூர்த்தம் என்றால் தெரு வெயில். சாயங்கால வரவேற்பு என்றால் மறுபடி உள்ளே கூட்டிப்போய், குழல்விளக்கை அணைத்துவிட்டு, மஞ்சள் பல்பைப் போட்டுக் காட்டுவாய்.

ஒரு பொருளின் நிறம் அதன்மேல் விழுகிற வெளிச்சத்தையும் சேர்த்துத்தான் என்று விளக்க, இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. எத்தனையோ வகுப்புகளை மனத்தளவில் உன் கடை வாசலில் நிறுத்திப் பாடம் நடத்தியிருக்கிறேன்.

ஓய்வு பெற்றபின் மதிய நேரங்களில் உன் கடையில் வந்து உட்காருவேன். அப்படி ஒருநாள்தான் போனில் அந்தப் படத்தைக் காட்டினேன். செவ்வாயில் ஊர்ந்துகொண்டிருக்கும் ஊர்தி எடுத்து அனுப்பியது. திருத்தாமல் அப்படியே வெளியிடுகிறார்கள், யார் வேண்டுமானாலும் இறக்கி வேலை செய்யலாம் என்றேன். நீ கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாய்.

“செவப்புக் கிரகம்னுதானடி புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்த? செவப்பு எங்க?”

“அதுதான் செவப்பு.”

“இதா? இது காப்பிப்பொடி. இந்தப் பாறை வெங்காயத்தோலு. மேல வானம் இருக்குது பாரு, அது மெந்தியம். இத்தன வருசம் பொய் சொல்லியே சம்பளம் வாங்கியிருக்கற, டீச்சரு.”

அன்றே தொடங்கிவிட்டோம். உன் மகன் கடைக்கு வாங்கி வைத்திருந்த கணினியில் துண்டு துண்டான படங்களை இறக்கி, ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு பெரிய நிலக்காட்சியாக்க வேண்டும். ஒட்டுவது எளிதாக இருந்தது. நிறம் சேர்ப்பதுதான் பாடாய்ப் படுத்தியது. காலையில் எடுத்த துண்டும் மதியம் எடுத்த துண்டும் பக்கத்தில் வந்தால் ஒரே பாறை பாதி ஒரு நிறம், மீதி வேறு நிறம்.

முதல் சண்டை வானத்துக்காக. வெந்தய மஞ்சள், உன் பேச்சில் மெந்தியம், அதிகமென்று நான் குறைத்துவிட்டுப் போவேன். மறுநாள் வந்தால் நீ ஏற்றி வைத்திருப்பாய்.

“ஏன்டி இத வெளுக்க வெக்கற? அம்மை வந்து எந்திரிச்ச மாதிரி இருக்குது வானம்.”

“நீ ஏத்தி வெச்சதுதான் மஞ்சக்காமாலை மாதிரி இருக்குது.”

இப்படியே நாட்கள் போயின. பிறகு ஒரு மதியம் நீ ஒரு கண்ணைக் கையால் பொத்தினாய். அப்புறம் அடுத்த கண்ணை. மறுபடி முதல் கண்ணை. துணி எடுக்க வந்த பெண் பயந்துபோய், “என்னங்க்கா, கண்ணு வலிக்குதுங்களா?” என்று கேட்டாள். அந்த வருடம்தான் உன் வலது கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். இடது கண் பாக்கி.

“இந்தக் கண்ணுக்குச் சந்தனம். இந்தக் கண்ணுக்கு மெந்தியம்,” என்றாய், கணினித் திரையைப் பார்த்தபடி.

புரை விழுந்த கண், மஞ்சள் கண்ணாடி போட்டது போலப் பார்க்கும் என்பது எனக்குப் புத்தகத்தில் தெரியும். என் இரண்டு கண்ணிலுமே புரை இருக்கிறது என்பது அப்போது தெரியாது. பரிசோதனை முடிந்து வந்து சொன்னபோது நீ சிரித்த சிரிப்பு இருக்கிறதே! “ரெண்டு கண்ணுலயும் மஞ்சள வெச்சுக்கிட்டுச் செவ்வாய்க்கு வைத்தியம் பாக்க வந்துட்டா!”

நம் கண்களை நம்புவதில்லை என்று அன்று முடிவு செய்தோம். ஊர்தியின் முதுகில் உள்ளங்கை அளவில் ஒரு தட்டு இருக்கிறது. அதில் வெள்ளை, சாம்பல், கறுப்பு வளையங்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலப் பொட்டுகள். பூமியிலிருந்து கிளம்பும் முன்பே அவற்றின் நிறங்களை அளந்து வைத்திருக்கிறார்கள். அங்கே போனபின் கேமரா அவ்வப்போது அந்தத் தட்டைப் படமெடுத்துச் சரிபார்த்துக்கொள்ளும். இதைச் சொன்னபோது நீ முதல்முறையாக ஊர்தியை அனுப்பியவர்களை மதித்தாய். “பரவால்ல, சாம்பிள் பிட்டு எடுத்துட்டுத்தான் போயிருக்காங்க.”

தட்டின் வெள்ளை வளையத்தைத் தொட்டு, ‘இதுதான் வெள்ளை’ என்று கணினிக்குச் சொன்னோம். அதற்கேற்ப அது எல்லாவற்றையும் நகர்த்தியது. வானம் நீலமாயிற்று; ஆடி மழை ஓய்ந்த நம் ஊர் வானம் போல. நீ கைதட்டினாய். எதிர்க்கடை டெய்லரைக் கூப்பிட்டுக் காட்டினாய். நான் பழைய ஆசிரியைகள் குழுவுக்கு அனுப்பிப் பாராட்டு வாங்கி மிதந்தேன்.

ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. ஊர்தியின் சக்கரம் வெறும் உலோகம். அது எதற்காக நீலமடிக்க வேண்டும்? ஊர்தி இறங்கிய புதிதில் எடுத்த தட்டின் படத்தைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அன்று அரிசிமாவு போல இருந்த வளையம், இன்று நம் ஜன்னல் விளிம்பு போலத் தூசி படிந்து கிடந்தது. செம்மண் தூசி. சிவந்துபோன ஒன்றைக் காட்டி வெள்ளை என்று சொல்லியிருக்கிறோம். அந்தச் சிவப்பைக் கழிப்பதற்காகக் கணினி படம் முழுக்க நீலத்தை ஏற்றிவிட்டது.

“அழுக்குத் துணிய வெச்சு மேட்ச் பண்ணிப்போட்டோம்டி,” என்றாய். “மேட்சிங் கடைக்காரி செய்யற வேலையா இது?”

“இயற்பியல் டீச்சரு செய்யற வேலையா?”

“அத நீ செய்வ.”

மொத்தத்தையும் அழித்துவிட்டு, தூசி படியாத நாட்களின் தட்டை வைத்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். இந்த முறை இரண்டு படங்கள் கிடைத்தன. இரண்டுமே சரியானவை, அதுதான் சிக்கல். அந்தப் பாறைகளை நம் வெயிலுக்குக் கொண்டுவந்தால் எப்படி இருக்குமோ அது ஒன்று. அங்கேயே போய் நின்றால் எப்படித் தெரியுமோ அது இன்னொன்று. தூசி மிதக்கிற காற்றுக்குள் புகுந்து வரும் மெந்திய வெளிச்சத்தோடு. பள்ளிக்கூடத்தில் கொடுத்தது ஒரு சுவர். எதை மாட்டுவது?

உக்கடம் பெரியகுளத்துக் கரையில் நடந்தபடி இதற்காக நாம் போட்ட சத்தத்தில், எதிரே நடைப்பயிற்சி வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

“துணிய வெளிய கொண்டாந்து பாக்கணும். எனக்குத் தெரிஞ்சது அதுதான்.”

“செவ்வாய உன் கடை வாசலுக்குக் கொண்டாந்துட்டா அப்புறம் அது என்ன செவ்வாய்?”

“என்ன கல்லுன்னு தெரிய வேண்டாமா?”

“அது கல்ல ஆராய்ச்சி பண்றவங்களுக்கு. எங்க புள்ளைங்க கல்லா வாங்கப் போறாங்க?”

சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் முழுக்க ஆரஞ்சு. அங்கே அந்தி சாயும்போது சூரியனைச் சுற்றி நீலமாக இருக்கும் என்று சொன்னேன். நீ நின்றுவிட்டாய்.

“நெசமாவா? இங்க பகல் நீலம், அந்தி செவப்பு. அங்க அப்படியே தலைகீழா? உள்பக்கத்த வெளிய போட்டுக் கட்டுன சேலையாட்டம்?”

வெகுநேரம் மேற்கையே பார்த்தாய். என் பக்கம் சாய்கிறாய் என்று நினைத்தேன். நீயா சாய்வாய்? “யோசிக்கறேன். எதுவா இருந்தாலும் அடியில சாம்பிள் வெச்சிரு,” என்றாய். தட்டின் நிறங்களை, பூமியில் அளந்தபடியே, படத்தின் கீழே ஒரு பட்டையாகப் போட வேண்டும் என்பது உன் பிடிவாதம். எனக்கு அது அசிங்கமாகப் பட்டது. சேலையில் விலைச்சீட்டு தொங்குவது போல. “இருக்கட்டும். பின்னாடி எவனாச்சும் கலர மாத்துனாக் காட்டிக்குடுக்கும்,” என்றாய். அதோடு விடாமல், பட்டையின் ஒவ்வொரு நிறத்துக்கும் கடையிலிருந்து துணி தேடி, வெயிலில் வைத்துப் பார்த்து, விரலளவு வெட்டி, ஒரு சேஃப்டி பின்னில் கோத்து என் கையில் திணித்தாய். வெள்ளைக்குத்தான் உனக்கு அதிக நேரம் பிடித்தது. நீலம் போடாத வெள்ளை வேண்டுமென்று அடுக்கையெல்லாம் கலைத்துப்போட்டாய்.

மார்கழியில், இடது கண்ணுக்கு நாள் குறித்திருந்த வாரத்தில், நீ போய்விட்டாய். நெஞ்சுவலி என்றார்கள். உன் மகன் போன் செய்து, “ஆன்ட்டி, அம்மா...” என்று நிறுத்திவிட்டான்.

உன் வீட்டுப் பெண்கள் எனக்கு உன் தலைமாட்டில் இடம் விட்டார்கள். பச்சைக் கண்ணாடி போட்ட ஜன்னல். அதன் வழியே வந்த வெளிச்சத்தில், உனக்குப் போர்த்தியிருந்த துணி லேசாகப் பச்சையாகத் தெரிந்தது. அது வெள்ளைதான் என்று எனக்குத் தெரியும். வெளியே கொண்டுபோகும்போது சரியாகிவிடும் என்று, அந்த நேரத்தில் வேறு எதையும் நினைக்கத் தோன்றாமல், அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சரியாகத்தான் ஆயிற்று. ஆண்கள் உன்னைத் தூக்கிக்கொண்டு படி இறங்கியதும் வெயில் பட்டு அது பளிச்சென்று வெள்ளையாக நின்றது. வாசலிலிருந்து பார்த்தேன்.

பாதியில் நின்ற படத்தோடு கணினியையும் உன் மகன் என் வீட்டில் கொண்டுவந்து வைத்தான். வலது ஓரத்துத் துண்டுகளை நான் தனியாகச் சேர்த்தேன். எந்த வெளிச்சம் என்ற கேள்விக்கும் தனியாகவே பதில் தேட வேண்டியிருந்தது. உன் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டேன்: எங்கே கட்டப் போகிறார்கள்? அந்தச் சுவருக்கு முன்னால் நிற்கப் போகிற பிள்ளைகளுக்கு அங்கே போய் நிற்க ஆசை. அப்படியென்றால் அங்கத்து வெளிச்சம்தான். நீ ஒப்புக்கொண்டிருப்பாயா என்று தெரியாது. ஆனால் இது உன் கடையில் கற்ற கணக்கு.

சரி, கிளம்புகிறேன். சுருளைக் கட்டிவிட்டேன். நீ கோத்த சேஃப்டி பின் கைப்பையில் இருக்கிறது.

*

மேலே எழுதியது திங்கட்கிழமை. இன்று சனிக்கிழமை. விட்ட இடத்திலிருந்து சொல்கிறேன்.

தம்பியின் கடை சிங்காநல்லூரில், என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். உள்ளே நின்று வாதம் செய்யவில்லை. “சுருளத் தூக்கிக்கிட்டு வெளிய வாங்க தம்பி,” என்றேன்.

“வெளியவா? ஏனுங்கம்மா, உள்ளயே லைட்டு இருக்குதுங்களே?”

“வாங்க சொல்றேன்.”

நடைபாதையில் விரித்தோம். அடியிலிருந்த பட்டையின்மேல் உன் துணித் துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்தேன். அவர் குனிந்து பார்த்தார்.

“அட, நீலம் கத்திரிப்பூ ஆயிப்போச்சுங்களே!”

“வெள்ளையப் பாருங்க.”

“ரோஸு.” தலையைச் சொறிந்துகொண்டார். “செவப்பத் தூக்குனா எல்லாமே அதுகூடவே ஏறிக்குமுங்கம்மா. வெறும் மண்ணுதானேன்னு நெனச்சுட்டேன்.”

அப்புறம் முழம் நீளத்துக்குச் சின்னச் சின்னதாக அச்சடித்து, ஒவ்வொன்றையும் வாசலுக்குக் கொண்டுவந்து பார்த்தோம். முதலில் நான்தான் அவரை வெளியே கூப்பிட்டேன். போகப் போக அவரே முன்னால் வந்துவிட்டார். “இருங்கம்மா, இந்த வெள்ளையில இன்னும் கொஞ்சோண்டு ஏறுது, எறக்கிட்டு வாரேன்.” உனக்கு அவரைப் பிடித்திருக்கும்.

தலைமையாசிரியைதான் கடினமாக இருந்தார். வெள்ளிக்கிழமை காலை புதுப் படத்தை விரித்ததும் அவர் முகம் வாடிவிட்டது.

“டீச்சருங்க, இது காஞ்சு கெடக்கற நம்ம பல்லடம் ரோட்டுக் காடு மாதிரி இருக்குதுங்களே. அறையத் தெறந்து வெக்க விருந்தாளி வேற வாராரு. அந்தச் செவப்பையே மாட்டிரலாமுங்க.”

“அந்தச் செவப்புல இருக்கற எடம் எங்கயுமே இல்லீங்க மேடம்.”

“புள்ளைங்க செவப்புன்னுதானுங்க படிக்குது?”

“நாந்தானுங்க அப்படிச் சொல்லிக் குடுத்தேன். இப்பத் திருத்தறேன்.”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் நகரவில்லை. “மேடம், இந்தப் புள்ளைங்கள்ல ஒருத்தி நெசமாவே அங்க போயி எறங்குனா, ‘இத எங்க பள்ளிக்கூடத்துல பாத்திருக்கேன்’னு சொல்லணுமுங்க. அதுக்குத்தான் ரெண்டு பொம்பளைங்க இத்தன நாளு உக்காந்து கலர் பாத்தோம். அதுல ஒருத்தி இப்ப இல்லீங்க.”

“போவாளுங்களா ஒருத்தி?”

“போகட்டும்னுதானுங்க மாட்டறோம்.”

“சரி, மாட்டுங்க,” என்றார். “ஆனா கீழ ‘இது செவ்வாய்தான்’னு பெருசா எழுதிப்போடுங்க. இல்லீனா அவரு என்னத்தான் கேப்பாரு.” எழுதிப் போட்டேன். நீ பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். விருந்தாளி எதுவும் கேட்கவில்லை. படத்துக்கு முதுகைக் காட்டி நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார். பிள்ளைகள்தான் நின்றார்கள். ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம், “மண்ணு நம்ம மண்ணாட்டந்தான்டி இருக்குது. வெயிலுதான் வேற,” என்றாள். ஒரு பாடவேளை முழுக்க நான் பேசியிருக்கக்கூடியதை அவள் சொல்லிவிட்டாள்.

சிவப்புச் சுருளைத் தம்பியே கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் வீட்டு ஆட்டுப்பட்டிக்கு மழைத்தடுப்பாகப் போட்டிருக்கிறாராம்.

படத்தில் நீ நிறுத்திய இடமும் நான் தொடர்ந்த இடமும் சேர்கிற கோடு, ஒரு வெங்காயத்தோல் பாறைக்கு நடுவில் போகிறது. மாட்டியபின் பக்கத்தில் போய்த் தேடினேன். எனக்கே தெரியவில்லை. அடுத்த மாதம் என் கண்ணில் புரை எடுக்கிறார்கள். எடுத்தபின் போய் மறுபடி தேடுவேன். தெரிந்தால், அழித்துவிட்டுத் திரும்பச் செய்வேன். அதுதானே நம் வழக்கம்.

உன் சேஃப்டி பின் என் கைப்பையிலேயே இருக்கிறது. நிறத் துண்டுகளைச் சும்மா போட்டு வைத்திருக்கிறேன். வெள்ளையை மட்டும் பட்டர் பேப்பரில் மடித்து, ஜிப் வைத்த அறைக்குள் வைக்கிறேன். கை கழுவாமல் அதைத் தொடுவதில்லை.